உணவுக் கொள்கைக் குழு: உள்ளாட்சியும் மக்களும் சேர்ந்து எப்படி அமைப்பது? (விவாத இழை)

#1 அகப்பை

நடுத்தர அளவுள்ள நகரம் ஒன்றுக்கு உணவுக் கொள்கைக் குழு அமைக்கும் பேச்சு தொடங்கியிருக்கிறது. விவசாயிகள், சமூக சமையற்கூடம் நடத்துபவர்கள், பள்ளி உணவுப் பொறுப்பாளர்கள், குடியிருப்போர் சங்கங்கள் எல்லோரும் கூடிப் பேசியாகிவிட்டது. நகர்மன்றத் தலைவருக்கு எதிர்ப்பு இல்லை. "வரைவைக் கொண்டுவாருங்கள், தீர்மானமாக வைக்கலாம்" என்கிறார்.

இன்னும் முடிவாகாதவை நான்கு. குழு உள்ளாட்சிக்குள் இருக்க வேண்டுமா, வெளியே தனி அமைப்பாகவா? உறுப்பினர் எத்தனை பேர், யார் யார்? செலவு யாருடையது? முதல் ஆண்டில் எதைக் கையில் எடுப்பது? விவரம் தெரிந்தவர்கள் விரிவாக எழுதுங்கள். பொதுவான நன்மைகள் வேண்டாம், செய்முறைதான் வேண்டும்.

#2 வரப்பு

வரைவு கேட்டுவிட்டார் என்பதற்காக உடனே வரைவு எழுத உட்கார வேண்டாம். அதற்கு முன் ஒரு பட்டியல் தயாராக வேண்டும்.

சாலைக்கு ஒரு துறை இருக்கிறது, குடிநீருக்கு இருக்கிறது. உணவுக்கு இல்லை. சந்தைக் கடை உரிமம் வருவாய்ப் பிரிவில், சமையலறைச் சோதனை சுகாதாரத்தில், காலி மனையில் பயிர் செய்யலாமா என்பது நகரமைப்பில், பள்ளி உணவுக் கொள்முதல் கல்வியில், காய்கறிக் கழிவு துப்புரவு ஒப்பந்தத்தில். ஒரு பிரிவு செய்வது அடுத்த பிரிவுக்குத் தெரியாது. இவர்களையும் உணவோடு தொடர்புள்ள மக்களையும் ஒரே மேசைக்குக் கொண்டுவந்து, எந்த விதி மாற வேண்டும், எந்தக் கொள்முதல் மாற வேண்டும் என்று எழுத்தில் பரிந்துரைப்பதுதான் குழுவின் வேலை. 1982-ல் அமெரிக்காவின் நாக்ஸ்வில் நகரில் முதல் குழு உருவானபோதும், அங்கிருந்த பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வு ஒன்றுதான் அதற்கு விதை.

குழு சமைக்காது, பொட்டலம் கொடுக்காது. அதைச் செய்யும் அமைப்புகள் ஏற்கெனவே இருக்கும். குழுவும் அதில் இறங்கினால் அதே நன்கொடையாளர்களிடம் போட்டிக்கு நிற்க வேண்டிவரும், நம்பிக்கை முதல் ஆண்டிலேயே கெடும்.

இனி பட்டியல். ஐந்து பத்திகள் (நெடுவரிசைகள்) போதும்: எந்த முடிவு, எந்தப் பிரிவு, எந்த விதி அல்லது ஒப்பந்தம், யார் கையெழுத்து, அடுத்து எப்போது திறக்கும். மாதிரிக்கு ஒரு வரிசை:

"பள்ளி உணவுக்கான காய்கறிக் கொள்முதல் | கல்வி | இரண்டாண்டு ஒப்பந்தம் | கொள்முதல் அலுவலர், பிறகு நிதிக் குழு | ஒப்பந்தம் முடிய 14 மாதம், புதிய ஒப்பந்தப்புள்ளி ஆவணம் எழுதத் தொடங்க 8 மாதம்"

கடைசிப் பத்தியைக் கவனியுங்கள். எட்டு மாதத்துக்குள் குழுவின் கருத்து அந்த அலுவலர் மேசைக்குப் போகாவிட்டால், அதன்பின் எவ்வளவு நல்ல பரிந்துரையும் இரண்டு ஆண்டு காத்திருக்க வேண்டியதுதான். பல குழுக்களின் பரிந்துரைகள் அலமாரியில் தூங்குவதற்குக் காரணம் எதிர்ப்பே அல்ல, நேரம் தவறுவதுதான்.

இப்படி 25 முதல் 30 வரிசை தேறினால் போதும். ஒவ்வொரு பிரிவு அலுவலரிடமும் அரைமணி நேரம் கேட்டு வாங்குங்கள். கடைசியில் ஒரு கேள்வி கண்டிப்பாகக் கேளுங்கள்: "உணவு சம்பந்தப்பட்ட எந்தச் சிக்கல் வேறொரு பிரிவால் உங்களிடம் தீராமல் கிடக்கிறது?" அதற்குப் பதில் சொன்னவர்தான் பிறகு குழுவுக்கு உள்ளிருந்து துணை நிற்பவர். இரண்டு மூன்று மாத வேலை இது.

#3 தராசு

முதல் கேள்விக்கு வருகிறேன். குழு பிறக்க நான்கு வழிகள் உண்டு: நகர்மன்றத் தீர்மானம், துணைவிதி (மன்றம் இயற்றும் உள்ளூர்ச் சட்டம்), தலைவரின் நிர்வாக ஆணை, வெளியே பதிவு செய்த தனி அமைப்பு. 2000-ல் அமெரிக்காவின் அயோவா மாநிலக் குழு ஆளுநரின் நிர்வாக ஆணையால் பிறந்தது. ஆணை ஒரே நாளில் வரும், ஆனால் அடுத்து வருபவர் அதைக் கண்டுகொள்ளாமல் விட்டாலே போதும். தீர்மானம் அதைவிட மேல். துணைவிதியை நீக்க வேண்டுமானால் மறுபடி மன்றத்தில் வைத்து, பொதுக்கருத்துக் கேட்டு, வாக்கெடுத்துத்தான் நீக்க முடியும். அந்தச் சிரமமே பாதுகாப்பு.

அடுத்தது, எந்தத் துறையின் கூரைக்குக் கீழ் என்பது. கனடாவின் டொரண்டோவில் 1991-ல் குழுவைச் சுகாதார வாரியத்தின் துணைக்குழுவாக வைத்தார்கள். பணியாளர் கிடைத்தார்கள், பரிந்துரைக்கு மேலே போக நேர்வழி இருந்தது. 2001-ல் நகர மன்றமே உணவு பற்றிய நகரத்தின் உறுதிமொழிகள் அடங்கிய உணவுச் சாசனத்தை ஏற்றது. ஆனால் கூரை எதுவோ, பேச்சும் அதுவாகிவிடும். சுகாதாரத்தில் வைத்தால் ஊட்டச்சத்து முன்னுக்கு வரும், விவசாயி பின்னால் போவார். நகரமைப்பில் வைத்தால் நிலமும் சந்தையும் முன்னால், பசி பின்னால். தலைவர் அலுவலகத்தில் வைத்தால் எல்லாப் பிரிவும் கூப்பிட்டதும் வரும், தலைவர் மாறும்வரை.

என் பரிந்துரை: துணைவிதியால் தோற்றம், சுகாதாரம் அல்லது நகரமைப்பில் இருக்கை, உறுப்பினரில் பாதிக்கு மேற்பட்டவர்களின் பெயரை வெளி அமைப்புகள் பரிந்துரைக்கட்டும்.

#4 நடவு

தராசு சொல்றதுல பாதிதான் ஒத்துக்க முடியும். உள்ளே போய் உட்கார்ந்த பிறகு பொருள்நிரலை அலுவலர் எழுதுவார், கூட்டக் குறிப்பை அலுவலர் திருத்துவார், ஒரு அறிக்கை வெளியிடணும்னா அனுமதி வாங்கணும். நகராட்சியோட ஒரு திட்டமே தப்புன்னு சொல்ல வேண்டிய இடத்துல குழு வாயை மூடிக்கிட்டு இருக்கும். ஆளுங்கட்சிக்கு வேண்டியவங்களை உறுப்பினரா போட்டு நிரப்பிட்டா கதை முடிஞ்சது.

ஜெர்மனியில 2016-ல கொலோன், பெர்லின் ரெண்டு நகரத்துலயும் குடிமக்கள் முன்னெடுப்பாத்தான் ஆரம்பிச்சாங்க. வெளியே இருந்தா பிரச்சாரம் செய்யலாம், தேர்தல் நேரத்துல வேட்பாளர்கள் கிட்ட கேள்வி வைக்கலாம், நிதி வாங்கலாம்.

வெளியே இருக்கிறதுல குறை என்னன்னா, தகவல் கேட்டா கொடுக்கணும்னு யாருக்கும் கடமை இல்ல, பரிந்துரைக்குப் பதில் சொல்லணும்னும் இல்ல. அதை ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தத்தால சரிபண்ணலாம். மூணு விஷயம் மட்டும் அதுல இருக்கட்டும்: பதவிப் பெயரோட ஒரு தொடர்பு அலுவலர், எழுத்துல கொடுத்த பரிந்துரைக்கு 60 நாளுக்குள்ள எழுத்துல பதில், எந்தெந்தத் தரவு எந்தெந்த மாசம் கொடுக்கணும்னு ஒரு பட்டியல். ஆளோட பெயரைப் போடாதீங்க. மாறுதலாகிப் போனா ஒப்பந்தமும் அவரோடயே போயிடும்.

#5 தராசு

நடவு சொல்லும் ஆபத்து உண்மையானது, மறுக்கவில்லை. ஆனால் வெளியே இருப்பதாலும் முழுப் பாதுகாப்பு வராது, சட்டத்தில் ஊன்றுவதாலும் வராது. பிரேசிலின் தேசிய உணவுப் பாதுகாப்புக் குழுவைப் பாருங்கள். 1993-ல் தொடங்கி, இரண்டு ஆண்டில் மூடப்பட்டு, 2003-ல் மீண்டும் வந்தது. 2006-ல் சட்டம் அதற்கு அடித்தளம் போட்டது. உறுப்பினரில் மூன்றில் இரண்டு பங்கு மக்கள் அமைப்புகள், ஒரு பங்கு அரசு, தலைமையும் மக்கள் தரப்புக்கு. இவ்வளவு இருந்தும் 2019 ஜனவரி 1 அன்று, புதிய ஆட்சியின் முதல் நாளிலேயே, தற்காலிகச் சட்ட ஆணையால் அது கலைக்கப்பட்டது. 2023-ல் திரும்ப வந்தது. நடுவில் அதை உயிரோடு வைத்திருந்தது மாநில, நகர அளவில் இருந்த குழுக்களும் வெளியே இருந்த இயக்கங்களும்.

ஆகவே இரண்டு அடுக்காக வையுங்கள். யார் வேண்டுமானாலும் சேரக்கூடிய திறந்த வலையமைப்பு ஒன்று வெளியே. துணைவிதியால் அமைந்த சிறிய குழு ஒன்று உள்ளே. உள்ளே உள்ள மக்கள் தரப்பு இடங்களுக்கு வலையமைப்புதான் பெயர் கொடுக்கும். வெளிப்படையாக எதிர்க்க வேண்டியதை வலையமைப்பு எதிர்க்கட்டும், உள்ளே வாதாட வேண்டியதைக் குழு வாதாடட்டும்.

நகரத்துக்குக் கொள்கை ஒன்று முதலில், குழு அதன்பின் என்ற வரிசையும் நல்லது. அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் கறுப்பினச் சமூகத்தின் உணவுப் பாதுகாப்பு வலையமைப்பு எழுதிய கொள்கையை நகர மன்றம் 2008-ல் ஏற்றது. குழு 2009-ல் வந்தது. குழு பிறக்கும்போதே அதன் கையில் மன்றம் ஒப்புக்கொண்ட ஒரு தாள் இருந்தது.

#6 கோப்பு

அமைப்பு எதுவானாலும் ஆவணத்தில் இருக்க வேண்டிய பிரிவுகளைச் சொல்கிறேன். வாசகத்தை எடுத்து உங்கள் சட்டத்துக்கு ஏற்பத் திருத்திக்கொள்ளலாம்.

நோக்கம்: "நகர எல்லைக்குள் உணவின் விளைவிப்பு, பதப்படுத்தல், விநியோகம், நுகர்வு, கழிவு ஆகியவை குறித்து நகர்மன்றத்துக்கும் அதன் பிரிவுகளுக்கும் ஆலோசனை வழங்குதல்." ஐந்து கட்டங்களையும் பெயர் சொல்லி எழுதுங்கள். கழிவை விட்டுவிட்டால் துப்புரவுப் பிரிவு, இது உங்கள் எல்லைக்குள் வராது என்று கடிதம் அனுப்பும்.

பதில் சொல்லும் கடமை: "குழு எழுத்தில் அளிக்கும் ஒவ்வொரு பரிந்துரைக்கும் தொடர்புடைய பிரிவு 60 நாட்களுக்குள் ஏற்பு, திருத்தத்துடன் ஏற்பு, மறுப்பு ஆகியவற்றில் ஒன்றைக் காரணத்துடன் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்கப்படாத பரிந்துரை நகர்மன்றத்தின் அடுத்த சாதாரணக் கூட்டப் பொருள்நிரலில் தானாகச் சேரும்." இரண்டாவது வாக்கியம் இல்லாவிட்டால் முதல் வாக்கியத்துக்குப் பல் இல்லை. பேரம் பேசும்போது வேறு எதை விட்டுக்கொடுத்தாலும் இதை விடாதீர்கள்.

பணியாளர்: "குழுவுக்கு ஒருங்கிணைப்பாளர் ஒருவர் இருப்பார், அவரது ஊதியம் இன்ன பிரிவின் ஆண்டு வரவுசெலவில் தனித் தலைப்பாகக் காட்டப்படும்." நிதிப் பிரிவு இதில் "நிதி இருப்பின்" என்று சேர்க்கும். சேர்ந்தால் அந்தப் பணியிடம் நிரம்பாது.

குறைவெண் (கூட்டம் செல்லுபடியாக வர வேண்டிய குறைந்த அளவு உறுப்பினர்): "நிரப்பப்பட்ட இடங்களில் பாதிக்கு மேல்." மொத்த இடங்களில் பாதி என்று எழுதியதால் முடங்கிய குழுக்கள் உண்டு. 15 இடத்தில் ஆறு காலி என்று வையுங்கள். மொத்தத்தில் பாதிக்கு மேல் என்றால் மீதி ஒன்பது பேரில் எட்டுப் பேர் வந்தே ஆக வேண்டும். நிரப்பியதில் பாதிக்கு மேல் என்றால் ஐந்து பேர் போதும்.

உறுப்பினர் தொகையை "11-க்குக் குறையாமல் 15-க்கு மிகாமல்" என்று வரம்பாகக் கொடுங்கள். பணிக்குழுக்களின் பெயர், கூட்ட நாள், தேர்தல் முறை எதையும் துணைவிதியில் எழுத வேண்டாம். "குழு தன் நடைமுறை விதிகளைத் தானே வகுத்துக்கொள்ளும்" என்ற ஒரு வரி போதும். இல்லாவிட்டால் ஒரு பணிக்குழுவின் பெயரை மாற்றக்கூட நகர்மன்ற வாக்கெடுப்பு தேவைப்படும். காலாவதித் தேதியும் வேண்டாம், மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மறுஆய்வு என்று வையுங்கள்.

இன்னொன்று. உள்ளாட்சி அமைத்த குழு என்றால் பல நாடுகளில் திறந்த கூட்டச் சட்டம் பொருந்தும். முன்னறிவிப்பு, பொதுமக்கள் உட்கார அனுமதி, குறிப்பு வெளியீடு எல்லாம் கட்டாயம். உறுப்பினர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு விஷயத்தை விவாதித்து முடிவுக்கு வந்தால் அதுவே அறிவிக்காத கூட்டம் என்று ஆகலாம், எடுத்த முடிவு செல்லாமல் போகலாம். உங்கள் சட்டப் பிரிவிடம் முதலிலேயே எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

#7 அகப்பை

மிகவும் பயனுள்ளது. இரண்டாவது கேள்வியில் ஒரு சிக்கல். நகரின் பெரிய மொத்த வியாபாரி ஒருவர் உறுப்பினர் இடம் கேட்கிறார். பள்ளி உணவு ஒப்பந்தம் வைத்திருக்கும் நிறுவனம் முதல் ஆண்டுச் செலவை ஏற்கத் தயார் என்கிறது. என்ன சொல்வது?

#8 மரக்கால்

மொத்த வியாபாரிக்கு இடம் கொடுங்கள். நகருக்குள் வரும் சரக்கின் அளவு, எந்த மாதம் எது வருகிறது, எங்கே அழுகுகிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும், வேறு யாருக்கும் தெரியாது. ஆனால் வணிகத் தரப்புக்கு இரண்டு இடமென்றால் ஒன்று பெரியவருக்கு, ஒன்று சிறுகடைக்காரருக்கு.

ஒப்பந்த நிறுவனத்தின் பணத்தை வாங்க வேண்டாம். பள்ளி உணவு பற்றிக் குழு என்ன சொன்னாலும், நல்லதே சொன்னாலும், வாங்கிய பணத்துக்குச் சொன்னது என்றுதான் பேச்சு வரும். அவர்கள் கூட்டத்துக்கு வரட்டும், பணிக்குழுவில் தகவல் தரட்டும். வாக்கு வேண்டாம், நிதி வேண்டாம்.

15 இடத்துக்கு நான் பிரிப்பது இப்படி: விளைவிப்பவர் இரண்டு, உணவுத் தொழிலாளர் இரண்டு (சமையல், சுமை, கடைப் பணி), வணிகம் இரண்டு, பசி ஒழிப்பு அமைப்புகள் இரண்டு, பள்ளி அல்லது மருத்துவமனைச் சமையலறை ஒன்று, கழிவு மற்றும் உரம் ஒன்று, ஊட்டச்சத்து அல்லது ஆய்வு ஒன்று, இளைஞர் ஒன்று, எந்த அமைப்பையும் சாராத குடியிருப்பாளர் மூன்று. இந்த மூன்று பேர் உணவு உதவி பெறும் குடும்பங்களிலிருந்து வர வேண்டும். அதிகாரிகள் ஐந்தாறு பேர் வாக்கில்லாமல் உட்காருவார்கள். அவர்களுக்கு வாக்கு இருந்தால் தங்கள் துறைத் தலைமை சொன்னதைத்தான் போட முடியும், அவர்களுக்கே சங்கடம்.

தொழிலாளர் இடத்தை எல்லோரும் மறக்கிறார்கள். மறந்த குழுவில் கூலி, பணிநேரம் பற்றி ஒரு வரி கூட எழுதப்படாது.

பதவிக்காலம் மூன்று ஆண்டு. முதல் கூட்டத்தில் சீட்டுப் போட்டு ஐந்து பேருக்கு ஓராண்டு, ஐந்து பேருக்கு இரண்டு, ஐந்து பேருக்கு மூன்று என்று பிரியுங்கள். அப்போதுதான் எல்லோரும் ஒரே நாளில் வெளியேறிக் குழு ஞாபகத்தை இழக்கும் நிலை வராது.

நல முரண் விதி எழுத்தில் இருக்கட்டும்: ஆண்டுக்கொருமுறை ஒவ்வொருவரும் தன் ஒப்பந்தங்கள், வருமானத் தொடர்புகளை அறிவிக்க வேண்டும். அந்தப் பொருள் வரும்போது பேசலாம், கேள்விக்குப் பதில் சொல்லலாம். வாக்கெடுப்புக்கு முன் அறையை விட்டு வெளியேற வேண்டும், வெளியேறியது குறிப்பில் ஏற வேண்டும்.

#9 நடவு

அந்த மூணு குடியிருப்பாளர் இடம் பத்தி ஒண்ணு சொல்லணும். சம்பளம் வாங்குற அலுவலர், நிறுவனப் பிரதிநிதி எல்லாம் வேலை நேரத்துல கூட்டத்துக்கு வர்றாங்க. அவங்களுக்கு அது சம்பள நேரம். கூலி வேலை செய்ற ஒருத்தர் வந்தா அன்னிக்குக் கூலி போச்சு. அமெரிக்காவுல பால்டிமோர் நகரத்துல குடியிருப்பாளர்களை ஆலோசகரா வெச்சு மதிப்பூதியம் கொடுத்தாங்க, அதுதான் நியாயம். கூட்ட நேரத்துக்கு மட்டுமில்லாம, முன்கூட்டிப் படிக்கிற நேரத்துக்கும் சேர்த்துக் கொடுங்க. போக்குவரத்து, குழந்தைகளைப் பார்த்துக்க ஒரு ஆள், மாலை நேரக் கூட்டம் மூணும் வேணும்.

ஒரு எச்சரிக்கை: சில நாடுகள்ல மதிப்பூதியம் வாங்கினா வருமான வரம்பு தாண்டி உதவித்தொகை ரத்தாகும். பணமா கொடுக்கிறதுக்கு முன்னாடி அதை விசாரிச்சுட்டு, தேவைப்பட்டா செலவு ஈடா கொடுங்க.

ஒரே ஒரு குடியிருப்பாளரை மட்டும் வைக்காதீங்க. தனியா உட்கார்ந்தவர் ரெண்டாவது கூட்டத்துலேயே பேச்சை நிறுத்திடுவார்.

#10 கணக்கேடு

செலவுக் கேள்விக்கு யாரும் வரவில்லை, நான் எழுதுகிறேன். குழுவின் முக்கியச் செலவு ஒருங்கிணைப்பாளரின் நேரம். மாதம் ஒரு கூட்டம், இரண்டு பணிக்குழு என்று வைத்து உத்தேசமாகப் போட்டால்: பொருள்நிரலும் துணைக் குறிப்பும் 6 மணி, உறுப்பினர்களை அழைத்துப் பேச 4, அறிவிப்பும் இடமும் 2, கூட்டக் குறிப்பு 4, பிரிவுகளைப் பின்தொடர 8, பணிக்குழு ஒன்றுக்கு 8 வீதம் 16, நகர்மன்றத்துக்கு அறிக்கை 4, வெளியிலிருந்து வரும் கேள்விகளுக்கு 10. மொத்தம் 54 மணி, அதாவது வாரத்துக்கு 12 அல்லது 13. குழு மூச்சுவிட மட்டுமே இவ்வளவு. அரைநேரப் பணியாளர் என்று வாரம் 20 மணி கொடுத்தால் ஆய்வுக்கும் வரைவுக்கும் மிஞ்சுவது ஏழு மணி.

"இருக்கிற அலுவலர் ஒருவர் கூடுதலாகப் பார்த்துக்கொள்வார்" என்ற ஏற்பாட்டை நம்ப வேண்டாம். வெள்ளம், தேர்தல், தணிக்கை எது வந்தாலும் முதலில் கழற்றிவிடப்படுவது இந்தக் கூடுதல் வேலைதான். மூன்று கூட்டம் தள்ளிப்போனால் உறுப்பினர்கள் வருவதை நிறுத்திவிடுவார்கள்.

சம்பளம் உள்ளாட்சியின் நிலையான தலைப்பிலிருந்து, திட்டச் செலவு வெளி நிதியிலிருந்து. இதைத் திருப்பிப் போடக் கூடாது. வெளி நிதி ஓராண்டு, இரண்டாண்டு. முடியும்போது ஒருங்கிணைப்பாளர் வேறு வேலை தேடிப் போவார், அவர் கட்டிய உறவுகளும் போகும்.

பணமே இல்லாத சிறு ஊர் என்றால் இரண்டு மாதத்துக்கு ஒரு கூட்டம், ஒரே பணிக்குழு. செயலகப் பணியை ஒரு கல்லூரியோ அமைப்போ ஏற்கட்டும். வாரத்துக்கு இத்தனை மணி, இன்ன இன்ன வேலை என்று கடிதத்தில் எழுதி வாங்குங்கள்.

#11 வரப்பு

முதல் ஆண்டு பற்றி. பெரிய உத்தித் திட்டம் எழுத உட்காராதீர்கள். பதினெட்டு மாதம் போகும், கையில் 80 பக்கம் இருக்கும், எந்த விதியும் மாறியிருக்காது. ஒரு விதித் திருத்தம், ஒரு கொள்முதல் மாற்றம், ஒரு தரவு. இந்த மூன்றும் போதும்.

கொள்முதலைத்தான் நான் முதலில் எடுப்பேன், ஏனென்றால் பணம் ஏற்கெனவே செலவாகிக்கொண்டிருக்கிறது. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் குழு 2011-ல் வந்தது. 2012-லேயே நகரமும் அங்குள்ள அரசுப் பள்ளிகளை நடத்தும் பள்ளி மாவட்டமும் அதன் கொள்முதல் நெறியை ஏற்றன. உள்ளூர்ப் பொருளாதாரம், சுற்றுச்சூழல், தொழிலாளர் நலம், கால்நடை நலம், ஊட்டச்சத்து என்று ஐந்து அளவுகோல்கள். பிரேசிலில் 2009-ன் சட்டம், பள்ளி உணவுக்கு மத்திய அரசு தரும் நிதியில் குறைந்தது 30 சதவீதத்தைக் குடும்ப விவசாயிகளிடம் செலவிடச் சொன்னது.

நெறியை ஏற்றதும் சிறு விவசாயியின் சரக்கு தானாக வந்துவிடாது. ஒப்பந்தப்புள்ளி ஆவணத்தை வரிக்கு வரி படியுங்கள். தடை அங்கேதான் இருக்கும். நகரம் முழுவதற்கும் ஒரே ஒப்பந்தம் என்றால் பெரிய நிறுவனம் மட்டுமே போட்டியிட முடியும். பொருள்வாரியாக, மண்டலவாரியாகப் பிரிக்கச் சொல்லுங்கள். எல்லாப் பள்ளிக்கும் தினமும் காலை ஆறு மணிக்குள் என்றால் வண்டி வைத்திருப்பவர் மட்டும். ஒரே இறக்குமிடம் கேளுங்கள். வைப்புத்தொகை பெரிது என்றால் கூட்டுறவுகளுக்குக் குறைக்கச் சொல்லுங்கள். 90 நாள் கழித்துப் பணம் என்றால் விவசாயி கடனில் விழுவார். 15 முதல் 30 நாள் என்று கேளுங்கள். "ஒரே அளவுள்ள" என்று தர விவரம் இருந்தால், வெட்டிப் போடும் காய்க்கு அது தேவையே இல்லை என்று சமையலறைப் பொறுப்பாளரையே எழுதச் சொல்லுங்கள், அவர் சொன்னால் எடுபடும்.

உள்ளூருக்கு முன்னுரிமை என்று நேராக எழுத உங்கள் கொள்முதல் சட்டம் அனுமதிக்கிறதா பாருங்கள். ஐரோப்பிய ஒன்றிய விதிகளில் முடியாது. அங்கெல்லாம் அறுவடைக்கும் ஒப்படைப்புக்கும் இடையே எத்தனை மணி நேரம், பருவத்துக்கேற்ற பொருள், குறிப்பிட்ட பயிர் ரகம் என்று தரத்தின் வழியாகக் கேட்கிறார்கள்.

தரவு விஷயத்தில் ஒன்று மட்டும்: எடுப்பதற்கு முன், எந்த முடிவுக்கு இது தேவை என்று எழுதிவையுங்கள். எழுத முடியாவிட்டால் அந்தக் கணக்கெடுப்பு வேண்டாம்.

#12 மரக்கால்

வரப்பு எழுதியதோடு ஒன்று சேர்க்க வேண்டும். கொள்முதல் பேச்சு தொடங்கியதும் குழுவுக்குள்ளேயே பிளவு வரும். விவசாயிக்கு நல்ல விலை வேண்டும், பசி ஒழிப்பு அமைப்புக்கு மலிவான உணவு வேண்டும். இரண்டும் நியாயம், இரண்டும் ஒரே தட்டில் மோதும். இதை நல்லெண்ணப் பேச்சால் மூடினால் ஆறு மாதத்தில் ஒரு தரப்பு வெளியேறும். விலையில் உள்ள இடைவெளியை எண்ணாக எழுதுங்கள்: விவசாயி கேட்பது இவ்வளவு, சமையலறை கொடுக்க முடிவது இவ்வளவு, நடுவில் இவ்வளவு. அந்த இடைவெளியில் எவ்வளவு இடைநிலைச் செலவு, எவ்வளவு கழிவு, எவ்வளவு பொதுப்பணம் போட வேண்டியது என்று பிரித்தால் சண்டை உறுப்பினர்களுக்குள் இல்லாமல் வரவுசெலவுப் பேச்சாக மாறும். பிரேசிலின் பெலோ ஹொரிசொன்ட்டே நகரம் 1993-ல் இதற்கென்றே நகராட்சியில் தனிச் செயலகம் வைத்து, விவசாயிகளுக்கு நேரடி விற்பனை இடமும் மக்களுக்கு மானிய விலை உணவகமும் ஒரே கையால் நடத்தியது.

முடிவெடுக்கும் முறை: முதலில் ஒருமித்த கருத்துக்கு முயலுங்கள். இரண்டு கூட்டத்தில் வராவிட்டால் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு. மாற்றுக் கருத்தைப் பரிந்துரையோடு இணைத்தே அனுப்புங்கள். இரண்டு பக்கமும் தெரிந்த பரிந்துரையைத்தான் மன்றம் மதிக்கும்.

#13 அகப்பை

உணவுக் கொள்கை பற்றி உலக நகரங்கள் செய்துகொண்ட மிலன் உடன்படிக்கையில் கையெழுத்திட்டால் குழுவுக்கு வலு கிடைக்குமா? அடுத்து, உள்ளாட்சித் தேர்தல் ஒன்றரை ஆண்டில் வருகிறது.

#14 தராசு

மிலன் நகர்ப்புற உணவுக் கொள்கை உடன்படிக்கை 2015 அக்டோபர் 15 அன்று கையெழுத்தானது. ஆறு தலைப்பில் 37 பரிந்துரைச் செயல்கள், கண்காணிக்க 44 குறியீடுகள். கையெழுத்திடுவது தலைவர், குழு அல்ல. சட்டக் கட்டாயம் எதுவும் வராது, பணமும் வராது. பயன் என்னவென்றால், நகரம் ஏற்கெனவே உலகத்தின் முன் ஒப்புக்கொண்டது என்று ஒவ்வொரு கடிதத்திலும் மேற்கோள் காட்டலாம். 44 குறியீட்டையும் எடுக்காதீர்கள். உங்கள் பட்டியலில் உள்ள முடிவுகளோடு பொருந்தும் நான்கைந்தை எடுத்தால் ஆண்டுதோறும் அளக்க முடியும்.

தேர்தல் பற்றி: குழு ஒரு தலைவரின் சாதனையாக அறிமுகமானால் அவரோடு போகும். தீர்மானத்தை முன்மொழிபவர் ஆளும் தரப்பு என்றால் வழிமொழிபவர் எதிர்த்தரப்பாக இருக்கட்டும். அதற்காக அறிமுக விழாவை ஒரு மாதம் தள்ளிவைக்க வேண்டிவந்தாலும் வையுங்கள். தேர்தலுக்கு மூன்று மாதம் முன் எல்லா வேட்பாளருக்கும் ஒரே கேள்வித்தாள் அனுப்புவது வெளியே உள்ள வலையமைப்பின் வேலை, குழுவின் பெயரில் வேண்டாம். முடிவு வந்த 30 நாட்களுக்குள் புதிய உறுப்பினர் ஒவ்வொருவரையும் தனித்தனியே சந்தித்து இரண்டு பக்கக் குறிப்பு ஒன்று கொடுங்கள்: என்ன பரிந்துரைத்தோம், எது ஏற்கப்பட்டது, எது நிலுவை, அவரது வட்டத்தில் எது.

#15 கோப்பு

கால அட்டவணையை வரவுசெலவுத் தேதியிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். வரவுசெலவு நிறைவேறும் நாளுக்கு ஆறு மாதம் முன் பிரிவுகள் தங்கள் கேட்புகளை எழுதத் தொடங்கும். ஒருங்கிணைப்பாளர் பணியிடம் அந்தக் கேட்பில் இருக்க வேண்டுமானால் துணைவிதி அதற்கு முன் நிறைவேறியிருக்க வேண்டும். துணைவிதிக்குச் சட்டப் பிரிவின் பார்வை, பொதுக்கருத்து, மன்றத்தில் இரண்டு முறை வாசித்து விவாதிப்பது என்று மூன்று நான்கு மாதம். வரப்பு சொன்ன பட்டியலுக்கு மூன்று மாதம். ஆக வரவுசெலவுக்குக் குறைந்தது ஒரு வருடம் முன் தொடங்கினால்தான் சம்பளத்தோடு குழு பிறக்கும். தேர்தல் ஒன்றரை ஆண்டில் என்றால் உங்களுக்கு வரவுசெலவு ஒன்றுதான் மிச்சம். தேதியைப் பார்த்து எழுதுங்கள், அதற்கேற்ப வரைவின் முழு வாசகத்தையும் இங்கேயே திருத்தித் தருகிறேன்.